சூபேங்க்: பெயரைப் பதியலாம், சரிபார்ப்பு உங்கள் பாடு

விலங்குகளுக்கான அறிவியல் பெயர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடு சூபேங்க். வாழும் இனம், அழிந்த இனம் என்ற பாகுபாடு இல்லை. கட்டணமும் இல்லை.

2011-க்குப் பின் இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையில் புதுப் பெயர் சூட்டினால், அந்தக் கட்டுரையை இங்கே பதியாமல் பெயர் செல்லாது. வரிசை முக்கியம்: முதலில் கட்டுரையைப் பதிந்து, கிடைக்கும் அடையாள எண்ணைக் கட்டுரைக்குள்ளேயே அச்சிட வேண்டும், வெளியீட்டுத் தேதியும் உள்ளே இருக்க வேண்டும். பலர் சறுக்குவது பதிவுப் படிவத்தில், கட்டுரையை நிரந்தரமாகச் சேமிக்கும் ஆவணக் காப்பகத்தைக் கேட்கும் பெட்டியில்தான். இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுவிட்டு, காப்பகத்தின் பெயரையும் இணைய முகவரியையும் காலியாக விட்டுவிடுகிறார்கள். அதுவும் கட்டாய நிபந்தனை. பக்கமே அதைச் சத்தம்போட்டு எச்சரித்தால் நன்றாக இருக்கும்.

பெரிய குறை தேடலில். பழைய பெயர்கள் முழுமையாக ஏறவில்லை. 'முடிவு எதுவும் இல்லை' என்று வந்தால் பெயர் காலி என்று நம்பிவிடாதீர்கள். 1969-இல் ஒரு டைனோசருக்கு வைத்த சின்டார்சஸ் என்ற பேரினப் பெயர், 1869-லேயே ஒரு வண்டுக்குப் போயிருந்தது. 2001-இல் வண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து மெகாப்னோசாரஸ் என்று மாற்றினார்கள். 'செத்துப்போன பெரிய பல்லி' என்று பொருள், குசும்புதான்! ஆகவே 1758 முதலான பேரினப் பெயர்களைத் தொகுத்த நாமென்கிளேட்டர் சூலாஜிகஸையும் கூடவே புரட்டுங்கள்.

ஏற்கப்பட்ட பெயர் எது, எந்தக் குடும்பம் என்று அறிய சூபேங்க் உதவாது. அதற்கு கேட்டலாக் ஆஃப் லைஃப்; புதைபடிவம் என்றால் பேலியோபயாலஜி டேட்டாபேஸ்.