ரேஸ் காமெடிப் படம் பார்ப்பதென்றால் முதலில் எதைப் போடுவது?

குதிரைப் பந்தயத்தை வைத்து எடுத்த சிரிப்புப் படம் எது என்று கேட்டால் பழைய படப் பிரியர்கள் யோசிக்காமல் சொல்வது ஹாலிவுட் காமெடிக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களின் ‘எ டே அட் த ரேசஸ்’, 1937. அதற்கு எதிரே நான் நிறுத்துவது 1989இல் வந்த ‘லெட் இட் ரைட்’. தியேட்டரில் ஓடாத படம்தான், ஆனால் ரேஸ் பைத்தியம் பிடித்த ஒருத்தரையாவது கிட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

முதல் படத்தின் கதை சும்மா ஒப்புக்கு. கடனில் மூழ்கும் ஒரு ஆரோக்கிய விடுதி, அதைக் காப்பாற்ற ஹை-ஹேட் என்ற குதிரை ஜெயித்தாக வேண்டும், நடுவே டாக்டர் வேஷத்தில் ஒரு மாட்டு டாக்டர், சரியாகச் சொன்னால் குதிரை டாக்டர், அதாவது சகோதரர்களில் ஒருவரான க்ரௌச்சோ. இதெல்லாம் போகட்டும். இந்தப் படத்தை ஐஸ்கிரீம் வண்டிக் காட்சிக்காகவே பார்க்கலாம். பந்தய மைதானத்தில் க்ரௌச்சோ, ‘சன்-அப்’ என்ற குதிரை மேல் இரண்டு டாலர் கட்டப் போகிறார். ஐஸ்கிரீம் விற்கிற சாக்கில் டிப்ஸ், அதாவது எந்தக் குதிரை ஜெயிக்கும் என்ற துப்பு, விற்கும் இன்னொரு சகோதரர் சிக்கோ அவரைத் தடுத்து நிறுத்தி ஐஸ் வைக்கிறார். ஒரு டாலர் கொடுத்து டிப்ஸ் வாங்கினால் அது ஏதோ சங்கேத எழுத்தில் இருக்கிறது, புரிந்துகொள்ள ஒரு புத்தகம் வேண்டும். புத்தகம் இலவசம், அச்சுக்கூலி மட்டும் ஒரு டாலர். அந்தப் புத்தகம் புரிய இன்னொரு புத்தகம், அதுவும் இலவசம், கொண்டுவந்து சேர்க்கும் கூலிதான் உண்டு. “நான் பக்கத்தில்தானே நிற்கிறேன், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தால் பாதி விலைக்குக் கிடைக்குமா” என்கிற ரீதியில் க்ரௌச்சோ பேரம் பேசிப் பார்க்கிறார், நடக்கவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை இதைவிட நன்றாக யாரும் நடித்துக் காட்டியதில்லை. கடைசியில் கையிடுக்கு, காலிடுக்கு எல்லாம் புத்தகமாக அவர் நிற்க, அவரிடம் கறந்த காசையே சிக்கோ சன்-அப் மேல் கட்டி ஜெயித்துவிட்டுப் போகிறார்.

படம் முழுக்க இப்படி இருந்திருந்தால் ஒப்பீட்டுக்கே வேலை இல்லை. ஆனால் ஓடுவது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், அதில் காதலன் பாட்டு, தண்ணீர் பாலே, பியானோ, ஹார்ப் என்று நீட்டி முழக்குகிறார்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் 37 வயதில் இறந்துவிட்டார், அவர் இருந்திருந்தால் கொஞ்சம் வெட்டியிருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் பிற்பகுதியில் கறுப்பினத்தவரின் பாட்டும் ஆட்டமும் வருகிற இடம். ஐவி ஆண்டர்சன் பிரமாதமாகப் பாடுகிறார், ஆனால் உடனே சகோதரர்கள் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஒளிகிறார்கள். இன்று அதைப் பார்க்கச் சிரிப்பு வராது, நெளியத்தான் வரும்.

‘லெட் இட் ரைட்’டில் இந்தச் சுமை எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு நாள். ரிச்சர்ட் டிரைஃபஸ் டாக்சி ஓட்டுகிற டிராட்டர். இனிமேல் ரேஸ் பக்கம் போக மாட்டேன் என்று மனைவியிடம் சொன்னவருக்கு, சக டிரைவர் தன் வண்டியில் ரகசியமாகப் பதிவு செய்த பயணிகளின் பேச்சிலிருந்து ஒரு குதிரையின் பெயர் கிடைக்கிறது. கட்டுகிறார், ஜெயிக்கிறது. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு கட்டத்தில் கையில் டிப்ஸ் இல்லை. என்ன செய்கிறார் தெரியுமா, அங்கே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையான தோல்வி ஆசாமிகள் ஒவ்வொருவரிடமும் போய் “உனக்கு எந்தக் குதிரை?” என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல அந்தப் பெயர்களை அடித்துக்கொண்டே வருகிறார். யாருமே சொல்லாமல் மிஞ்சிய குதிரை மேல் பணத்தைக் கட்டுகிறார்! குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996இல் நம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டிராட்டரின் இந்த ஆராய்ச்சியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

பூநாரைகளுக்குப் பேர்போன ஃப்ளோரிடாவின் ஹயாலியா மைதானத்தில் எடுத்திருக்கிறார்கள். டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் ராபி கோல்ட்ரேன், பின்னாளில் ஹாரி பாட்டர் படங்களில் ஹாக்ரிட்டாக வந்தவர். டிராட்டர் ஒவ்வொரு முறை காசு வாங்க வரும்போதும் அவர் முகம் மாறுவதை மட்டும் கவனியுங்கள், வசனமே வேண்டாம்.

குதிரைக்காகப் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான், ஏனென்றால் இதில் குதிரை வெறும் நம்பர். அந்த விஷயத்தில் மார்க்ஸ் படம் ஜெயிக்கிறது. வில்லனின் குரல் கேட்டாலே ஹை-ஹேட்டுக்கு ஆகாது, மிரண்டு தாவும். கடைசித் தடை தாண்டும் பந்தயத்தில் வில்லனின் குரலையே ஒலிபெருக்கியில் விட்டு அதைத் தாவ வைப்பது நல்ல குறும்பு.

மூன்றாவதாக, காமெடி ஜோடி அபாட், கோஸ்டெல்லோவின் ‘இட் எயின்ட் ஹே’, 1943. கோஸ்டெல்லோ ஆசையாக மிட்டாய் கொடுக்க, ஏழை வண்டிக்காரரின் குதிரை செத்துப்போகிறது. அதற்கு ஈடாக ஒரு கிழட்டுக் குதிரையைக் கொண்டுவரப் போனவர்கள், தெரியாமல் சாம்பியன் குதிரையையே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதன் பெயர் ‘டீ பிஸ்கட்’, சில வருடங்களுக்கு முன்புவரை கொடிகட்டிப் பறந்த நிஜக் குதிரை சீபிஸ்கட்டை வைத்துச் செய்த கிண்டல். குழந்தைகளோடு பார்க்கலாம், ஆனால் குதிரை சாகிற இடத்தில் அழுகிற பிள்ளை என்றால் யோசித்துப் போடுங்கள்.

முழுப் படமாக ஒன்றுதான் என்றால் என் காசு ‘லெட் இட் ரைட்’ மேல்தான். பந்தயம் கட்டுகிறவனின் மனசு அதில் இருக்கிறது. அரை மணி நேரம்கூட இல்லாதவர்கள் ஐஸ்கிரீம் வண்டிக் காட்சியை மட்டும் தேடிப் போட்டுக்கொள்ளலாம்.