அக்கா வீட்டில் மாட்ட முடியாமல் போன மின்னூட்டி

சிங்கப்பூரில் தரைவீடு (அடுக்குமாடியில் இல்லாத, தரையோடு அமைந்த வீடு) வைத்திருப்பவர் தம் சொந்தச் சுவரில் மின்கார் மின்னூட்டியை (சார்ஜரை) மாட்டுவதற்கும் அரசாங்கப் பதிவு வேண்டும் என்பதைக் கார் விற்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாததால் என் அக்காவும் அத்தானும் பட்ட பாட்டைப் பார்த்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். இந்த முறை விடுமுறையில் மற்றதெல்லாம் வழக்கம்போல் நன்றாகவே நடந்தது.

அவர்கள் இருப்பது சிராங்கூன் கார்டன் பக்கம், பழைய வரிசை வீடு. காரை வாசலிலேயே நிறுத்தலாம். பயன்படுத்திய மின்கார் ஒன்றை வாங்கிய இடத்தில், "ஏழு கிலோவாட் பெட்டி எதுவானாலும் சரி, எலக்ட்ரீஷியன் மாட்டிவிடுவார்" என்று விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். அத்தானும் அதை நம்பி, வெளிநாட்டு இணையக்கடை ஒன்றில் மலிவாகக் கிடைத்த மின்னூட்டியை வரவழைத்துவிட்டார்.

நான் போயிருந்தபோதுதான் உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்தார். நம்ம தமிழ்த் தம்பிதான். பெட்டியைப் பிரித்ததும் மின்னூட்டியைக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம், அடிப்பக்கம், ஓரம் என்று கைபேசி வெளிச்சத்தில் தேடினார். "அண்ணே, இதில் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணைய) ஸ்டிக்கர் இல்லை. இதை ரிஜிஸ்டர் பண்ண முடியாது. மாட்டிக் கொடுத்தால் என் லைசன்ஸுக்குத்தான் ஆபத்து" என்றார். பிறகு மின்பெட்டியின் மூடியைக் கழற்றி, முதன்மை விசையில் இருந்த 40 ஆம்பியர் என்ற எண்ணை அக்காவிடம் காட்டினார். மின்னூட்டி மட்டுமே 32 ஆம்பியர் இழுக்கும். அதோடு குளிர்சாதனமும் தண்ணீர் சூடாக்கியும் சேர்ந்து ஓடினால் விசை விழுந்துவிடும் என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். ஆகவே கருவியும் ஆகாது, இருக்கிற மின் இணைப்பும் போதாது. அக்கா முகம் வாடிவிட்டது.

நான் இருக்கும் பிரிட்டனின் லெஸ்டரில், என் வீட்டு மின்னூட்டியை மாட்டப் பணியாளர் காலையில் வந்து மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டார். மின்விநியோக நிறுவனத்துக்கும் அவரே தெரிவித்துவிட்டார். நகர மன்றத்துக்கு நான் ஒரு படிவமும் கொடுக்கவில்லை. பிரிட்டனிலும் விதி இல்லாமல் இல்லை. 2022 ஜூன் 30 முதல் அங்கு விற்கப்படும் வீட்டு மின்னூட்டிகள், மின்தேவை அதிகமான நேரத்தைத் தவிர்த்து மின்னேற்றக் கூடியவையாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் விற்பவர் தலையில் விழுவதால் வீட்டுக்காரருக்கு அது தெரிவதே இல்லை. சிங்கப்பூரிலோ எல்லாம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

மின்வாகன மின்னூட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் 2022 நவம்பரில் நிறைவேறி, 2023 டிசம்பர் 8 அன்று நடப்புக்கு வந்தது. நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த வகை மின்னூட்டியைத்தான் இங்கு விற்கலாம், பொருத்தலாம். பொருத்தியதைப் பதிவு செய்த பிறகே பயன்படுத்தலாம். முன்பே மாட்டியிருந்தவர்களுக்குப் பதிவு செய்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள்.

எரிச்சல் தணிந்ததும் இத்தனை கெடுபிடிக்குக் காரணம் என்னவென்று அந்த மின்பணியாளர் தம்பியிடம் கேட்டேன்; பொறுமையாக விளக்கினார். தண்ணீர் சூடாக்கி சற்று நேரம் ஓடி நின்றுவிடும். மின்னூட்டியோ மணிக்கணக்காக ஒரே அளவில் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு திருகு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். அதைவிட மோசமானது நேர்மின்னோட்டக் (டிசி) கசிவு. பழைய வீடுகளில் உள்ள சாதாரணக் கசிவுத் தடுப்பி அதைக் கண்டுகொள்ளாது, சில வேளை அதனாலேயே செயலிழந்தும் போகும். தரமான மின்னூட்டியில் இதற்கென்று தனிப் பாதுகாப்பு இருக்கும். எங்கிருந்தோ வந்த மலிவுப் பெட்டியில் அது இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வரிசை வீட்டில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். இதைக் கேட்ட பிறகு அந்த ஸ்டிக்கர்மீது எனக்குக் கோபம் இல்லை. சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு வந்து, எதைக் கொடுத்தாலும் மாட்டிவிட்டு, ஒரு கோப்பித் தண்ணி குடித்துவிட்டுப் போகும் அந்தக் கால மாமாக்களை நினைத்தால் இன்றும் பாசம் பொங்குகிறது. என்றாலும் இந்த வேலையை அவர்களை நம்பி விட முடியாது.

தரைவீட்டுக்காரர்கள் இங்கே சிறுபான்மைதான். கூட்டுரிமை (காண்டோமினியம்) வீடுகளில் பொதுக்கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட வாக்கு கிடைத்தால் மின்னூட்டி அமைக்கலாம் என்று இதே சட்டம் வழியைச் சுலபமாக்கியிருப்பது நல்ல காரியம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு வீட்டு மின்னூட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. குடியிருப்புப் பேட்டையின் கார் நிறுத்துமிடத்தில் உள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

என் மனம் ஆறாதது அந்த விற்பனையாளர்மீதுதான். காரை விற்கும்போதே "அங்கீகாரம் பெற்ற மின்னூட்டியை வாங்குங்கள், அதற்கு முன் உரிமம் பெற்றவரை அழைத்து மின்பெட்டியைக் காட்டுங்கள்" என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அத்தானின் பணமும் அக்காவின் நிம்மதியும் போயிருக்காது. மின்கார் வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதை வாய்விட்டுக் கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

நான் கிளம்பும்போது மின் இணைப்பை உயர்த்த விண்ணப்பம் போயிருந்தது; ஸ்டிக்கர் உள்ள வேறு மின்னூட்டிக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். அதுவரை அத்தான் பக்கத்து வீவக பேட்டைக்குப் போய், மின்னேற்றும் கட்டணத்தோடு கார் நிறுத்தும் கட்டணமும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.