சேறு சலிக்க ஒரு சல்லடை: ஓராண்டு கைப்பழக்கத்துக்குப் பிறகு

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், நீர் வற்றியதும் வெளியே தெரியும் சேற்றுத் திட்டுகளில் வாழும் சிற்றுயிர்களை எண்ணுவது என் வேலை. எட்டு அங்குல அகலம், அரை மில்லிமீட்டர் கண், துருப்பிடிக்காத எஃகு வலை. இந்தச் சல்லடையை வாங்கி ஓராண்டு ஆகிறது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

முதலில் கண் அளவு. 1 மில்லிமீட்டர் கண் இருந்தால் சலிப்பது சீக்கிரம் முடியும், முதுகும் வலிக்காது. ஆனால் குட்டிப் புழுக்களும் இளம் மட்டிகளும் தண்ணீரோடு போய்விடும். அப்புறம் கணக்கில் பெரியவை மட்டும் இருக்கும், அந்தப் பருவத்தில் குஞ்சு பொரித்ததே தெரியாது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நூற்புழுக்களைப் பார்க்க வேண்டுமென்றால் 63 மைக்ரான் (0.063 மில்லிமீட்டர்) கண் உள்ள சல்லடை தனியாக வேண்டும், இது உதவாது.

இதற்கு முன் வைத்திருந்தது மலிவான ஒன்று. வலையைச் சுவரோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அழுகாமல் இருக்க ஃபார்மலின் கரைசலில் வைத்த மாதிரிகளை அதில் அலசி அலசி, இரண்டே மாதத்தில் ஓரம் விட்டுவிட்டது. அந்த இடுக்கில் எத்தனை புழு நழுவியதோ, அந்த மாதக் கணக்கு முழுவதையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இதில் பற்றவைப்பு. ஓரத்தை விரலால் தடவினால் எங்கும் தட்டுவதில்லை, புழு சிக்குவதும் இல்லை.

சலிக்கும்போது கையால் தேய்க்காதீர்கள், குழாயைப் பீய்ச்சாதீர்கள். வாளித் தண்ணீரில் சல்லடையை அமிழ்த்தி மெதுவாகச் சுழற்றினாலே சேறு கரைந்து இறங்கிவிடும். உடம்பு நெடுக மயிர்போன்ற சுணைகள் உள்ள பல்சுணைப் புழு தொட்டாலே அறுந்துபோகும். தலையுள்ள துண்டைத்தான் ஒன்று என எண்ணுவோம். வால் எத்தனை கிடந்தாலும் கணக்கில்லை. இந்த வலை வழவழப்பாக இருப்பதால் முழுப் புழுக்கள் நிறையக் கிடைக்கின்றன. இதை வாங்கியதில் எனக்குப் பெரிய நிறைவு அதுதான்.

போன வாரம் சேற்றில் குழாயை இறக்கி மண் உருளை ஒன்றை எடுத்துப் பிளந்தேன். மேலே ஒரு விரற்கடை பழுப்பு, அதற்குக் கீழே கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கருப்புக்குள் பென்சில் பருமனுக்கு ஒரு வளை இறங்கியிருந்தது. அதன் சுவர் மட்டும் துரு நிறம். உள்ளே இருந்த புழு உடம்பை நெளித்து நெளித்து மேலிருந்து தண்ணீரை இழுத்திருக்கிறது. ஆக்சிஜன் போன வழியெல்லாம் மண்ணின் இரும்பு துருவாகியிருக்கிறது. ஒற்றைப் புழு அத்தனை ஆழத்துக்கு மூச்சு கொண்டுபோகிறது! ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புழு இருக்கற சேத்துலதான் பாப்பா எறா மேயும்."

குறை என்றால் ஒன்று: அடியில் பொருந்தும் தட்டு தனியாக வாங்க வேண்டும், இது அவசியம். இன்னொன்று, களிமண் அதிகமுள்ள இடத்தில் வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் தலைகீழாகப் பிடித்து அலசி, வெளிச்சத்துக்கு நேரே வைத்து ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். நேற்று அப்படிப் பார்த்தபோது ஒரு கண்ணில் அரிசிக் குருணை அளவு மட்டி ஒன்று ஒட்டியிருந்தது. ஊசியால் எடுத்துக் குப்பியில் போட்டுவிட்டேன்.