ஜெய்சல்மேர் மணலுக்குச் சேலத்துப் பச்சை வலை

தார் பாலைவனத்தில் கூடாரம் போடப் போகிறோம், நிழலுக்கு ஏதாவது கொடுங்கள் என்று சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் கேட்டால் முதலில் வந்து விழுவது நீலத் தார்ப்பாய்தான். மலிவு, ஓரத்தில் வளையம் அடித்தே வரும், மழைக்கும் ஆகும். ஆனால் அங்கே தொல்லை மழை இல்லை, வெயிலும் காற்றும். தார்ப்பாய் வெயிலை மறைத்துவிட்டுத் தானே சுட்டு, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். மேலே எழும் வெப்பக்காற்றுக்கும் போக வழியில்லை. காற்று அடித்தாலோ பாய்மரம்தான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 10க்கு 10 அடிப் பாயில் நேராக மோதினால் இழுப்பு ஏறக்குறைய 70 கிலோ.

பச்சை வலை இந்த இரண்டிலும் ஜெயிக்கிறது. ஏற்காட்டில் நாற்றுக்குக் கட்டுகிற அதே ஷேட் நெட்தான். 35, 50, 75, 90 என்று சொல்வது எவ்வளவு வெளிச்சத்தைத் தடுக்கிறது என்ற கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: 90 வாங்கினால் அதிகக் குளிர்ச்சி என்று நினைப்பு. நெருக்கமான பின்னலில் காற்று நுழைவது குறைந்து, அது பாதித் தார்ப்பாய் ஆகிவிடும். 50 சதவீத வலையை இரண்டடுக்காக, நடுவே ஓரடி இடைவெளி விட்டுக் கட்டுவதே மேல். முதல் அடுக்கைத் தாண்டிய பாதியில் பாதியை அடுத்தது தடுக்க, மொத்தம் 75. மேல் வலை சூட்டை வாங்கிக்கொள்ளும், நடுவில் ஓடும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். மேலடுக்கு வெள்ளையாகக் கிடைத்தால் விடாதீர்கள். கறுப்பு அதிக நாள் உழைக்கும், ஆனால் அதிகம் சுடும்.

வாங்கும்போது கடைத் தராசைப் பயன்படுத்துங்கள். 3 மீட்டர் அகல ரோலில் 5 மீட்டர் வெட்டினால் 15 சதுர மீட்டர். 100 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராம், என்று சொன்ன சரக்கு ஒன்றரைக் கிலோ நிற்க வேண்டும். ஒரு கிலோதான் காட்டினால், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது லேசான வலை. துண்டை விரல்களால் இழுத்துப் பாருங்கள்: பின்னல் வலை வெட்டிய இடத்தில் பிரியாது, நெய்த வகை நூல் நூலாகக் கழலும்.

வலையில் வளையம் அடித்தால் காற்றில் அது கிழித்துக்கொண்டு வந்துவிடும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்து வலையை அதன்மேல் சுருட்டி, கல்லின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டுங்கள். இழுக்க இழுக்க இறுகும். மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நாளாக ஆகப் பொடிந்துபோகும், பழைய சுருளை எடுத்துப் போகாதீர்கள். நைலான் தேவலை, ஆனால் நீளும். கட்டிய ஒரு மணி நேரத்தில் மறுபடி முறுக்க வேண்டும்.

இரும்பு ஆணி மணலில் நிற்காது. சேலம் லீ பஜாரில் பழைய சாக்கு நாலு வாங்கிக்கொள்ளுங்கள், மணலை அங்கே போய் நிரப்பலாம். சாக்கின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். சவுக்குக் கம்பு ரயிலில் ஏறாது. மூங்கிலை அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது.

மொட்டை மாடியில் கட்டிப் பார்த்துவிட்டோம், சரியாக இருக்கிறது என்று கிளம்புபவர்கள் கோணத்தில் கோட்டை விடுவார்கள். மார்ச் மூன்றாம் வாரம் நண்பகலில், எட்டடி உயரத்தில் கட்டிய வலையின் நிழல் சேலத்தில் ஒன்றரை அடிதான் வடக்கே நகரும். ஜெய்சல்மேரில் நான்கடி. டிசம்பரில் ஒன்பதடிக்கு மேல். பத்தடி வலை என்றால் நிழல் முழுக்கப் பக்கத்துக்காரருக்கு. அதனால் தெற்கு ஓரத்தை நாலடிக்குத் தாழ்த்திக் கட்டுங்கள்.

மாலை வெயிலுக்கு மேற்கே ஒரு மறைப்பு வேண்டும். அதற்கு வலையைவிட நம்மூர்த் தறிகளில் ஓடும் காடாத் துணி நல்லது. தண்ணீர் தெளித்தால் வறண்ட காற்றில் சட்டென்று ஆவியாகி, உள்ளே வரும் காற்றைக் குளிர்த்தும். குடிதண்ணீர் தாராளமாக இருந்தால் மட்டும் இந்தச் சொகுசு. கூரைக்கு அதைப் போடாதீர்கள், நனைந்தால் கனத்துத் தொய்ந்துவிடும்.

ஒரே எச்சரிக்கை அடுப்புக்கு. வலை பிளாஸ்டிக், தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும். சமையலைக் காற்று போகும் திசையில், வலையை விட்டுப் பத்தடி தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.