பழைய இரும்புக் கடைக்காரர் கண்டுபிடித்த கோளாறு: எங்கள் கம்பெனிக்கு கேபிள் மாற்றிய அனுபவம்

எங்கள் நெட்வொர்க்கில் என்ன கோளாறு என்று முதலில் சரியாகச் சொன்னவர் பழைய இரும்புக் கடைக்காரர்தான். போன வருடம் ஆடி மாதம் ஒரு கேமராவுக்குக் கேபிள் மாற்றினோம். கழற்றிய பழைய கேபிளை எலக்ட்ரீஷியன் தம்பி எடைக்குப் போட எடுத்துப் போனான். அரை மணி நேரத்தில் மூட்டையோடு திரும்பி வந்தான். "செம்பு விலை தர மாட்டேங்கிறாருங் சார். கத்தியில சுரண்டிப் பார்த்துட்டு, இது அலுமினியம், மேல முலாம்தான் செம்புங்கிறாரு." நானும் ஒரு துண்டை வாங்கி பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. ஆறு வருடமாக எங்களுக்குப் பிடிபடாதது அவருக்கு ரெண்டு நொடியில் பிடிபட்டிருக்கிறது.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் ஐ.டி. பார்க்கிறேன். ஐ.டி. என்றால் ஒரே ஆள். பிரிண்டருக்கு டோனர் போடுவதிலிருந்து கம்பெனி முழுவதையும் நிர்வகிக்கும் ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் வரை எல்லாம் என் தலையில்தான். முன்பக்கம் ஆபீஸ் கட்டடம்; பின்னால் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் நடக்கும் ஃபேக்டரி. ஆறு வருடத்துக்கு முன்பு கேபிள் போட்டபோது 18 கம்ப்யூட்டர், 8 கேமரா. இன்றைக்குக் கேமரா மட்டும் 32. ஒவ்வொரு தையல் லைனிலும் உற்பத்தியைப் பதிய ஒரு டேப்லெட், பையரோடு தினமும் வீடியோ கால், அப்புறம் பிரிண்ட் டிசைன் ஃபைல்கள். ஒரு டிசைன் ஃபோல்டர் 4 ஜி.பி. தாண்டிவிடுகிறது. அதை சர்வரிலிருந்து இறக்க ஆறு நிமிடம். டிசைனர் பெண் டவுன்லோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

நான் செய்த முதல் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லா கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்தான் பழசு என்று நினைத்து, காசு போட்டு ஜிகாபிட் (1000 எம்.பி.பி.எஸ்.) ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன். பாதிக் கம்ப்யூட்டர்கள் அப்போதும் 100 எம்.பி.பி.எஸ். வேகத்திலேயே நின்றன. ஜிகாபிட்டுக்கு கேபிளுக்குள் இருக்கும் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100க்கு ரெண்டு ஜோடி போதும். எங்களுக்கு முதலில் வேலை செய்தவர் பல இடங்களில் ஒரே கேபிளை ரெண்டாகப் பிரித்து ரெண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தார். அந்த இடத்தில் எந்த ஸ்விட்சை மாட்டினாலும் அதே கதைதான்.

கேமரா கதை இன்னும் மோசம். பகல் முழுக்க நன்றாக ஓடும். இருட்டியதும் கடைசியில் இருக்கும் நாலைந்து கேமரா அணைந்து அணைந்து எரியும். கேமராவைத்தான் குறை சொன்னோம், ரெண்டு மாற்றியும் பார்த்தோம். விஷயம் இதுதான்: இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது அது கூடுதலாக மின்சாரம் இழுக்கும். அந்த மின்சாரமும் அதே நெட்வொர்க் கேபிளில்தான் வருகிறது. ஸ்விட்ச் 15.4 வாட் கொடுத்தால் மறுமுனையில் 12.95 வாட்டாவது சேரும் என்பது செம்பை நம்பிப் போட்ட கணக்கு. அலுமினியம் செம்பில் 60 சதவீதம் அளவுக்குத்தான் மின்சாரத்தைக் கடத்தும். வழியிலேயே வோல்டேஜ் இறங்கிப்போய், பாவம் கேமரா மயங்கி விழுந்து எழுந்திருக்கிறது.

முதலாளியிடம் பேசப் போனபோது கொட்டேஷனைக் காட்டவில்லை. கேபிள் துண்டையும் பிளேடையும் மேசைமேல் வைத்தேன். அவரே சுரண்டிப் பார்த்தார். "கோம்டு நூல்னு பில் போட்டு கார்டடு நூலை அனுப்புன கதையாவல்ல இருக்குது" என்றார். கோம்டு உயர்ந்த ரகம், கார்டடு அதைவிட மட்டம். நாற்பது வருடம் நூல் வாங்கிய மனிதர். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ரெண்டு பேரிடம் விலை கேட்டோம். முதல் ஆள் வந்து பார்க்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் மூன்று வரி: கேட் 6 கேபிளிங், 84 பாயிண்ட், பாயிண்டுக்கு 2,100 ரூபாய். (கேட் 6 என்பது நெட்வொர்க் கேபிளின் தரம்; பாயிண்ட் என்பது ஒரு கேபிள் போய்ச் சேரும் இடம்.) எந்த கேபிள் என்று கேட்டேன். "நல்ல கேபிள்ங் சார்." ரெண்டாவதாக வந்தது கோவைக்காரர்கள், நாலு பேர் கொண்ட சின்னக் குழு. இந்த விமர்சனம் அவர்களைப் பற்றித்தான். பாராட்டும் குறையும் கலந்து எழுதுவதால் பெயர் போடவில்லை.

அரை நாள் முழுக்க ஏணியோடு சுற்றினார்கள். ஃபால்ஸ் சீலிங்கைத் தூக்கிப் பார்த்து, லேசர் மீட்டர் வைத்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் தூரம் எழுதினார்கள். வாட்ச்மேன் அறையின் கூரைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது, அதற்குள் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்று. இத்தனை வருடம் வேலை பார்த்தும் அது அங்கே இருப்பது எனக்கே தெரியாது! ஆபீசுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே கேபிள் வழி 130 மீட்டர். செம்பு கேபிள் 100 மீட்டருக்குத்தான். அதனால் முன்னவர் நடுவில் அந்த ஸ்விட்சைச் செருகி ஒப்பேற்றியிருந்தார். ஐப்பசி இடிமழையில் வருடம் தவறாமல் ரெண்டு மூன்று போர்ட் ஏன் செத்துப்போகிறது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது: கட்டடங்களுக்கு நடுவே வெளியில் போகும் செம்பு கேபிள் வழியாக இடி மின்சாரம் உள்ளே தாவியிருக்கிறது.

நான் எல்லாவற்றையும் அடுத்த உயர்ந்த தரமான கேட் 6ஏ ஆகவே போட்டுவிடலாம் என்று இருந்தேன். அந்தக் குழுவின் தலைவர் வேண்டாம் என்றார். விற்கிறவரே விலை அதிகமானதை வேண்டாம் என்றதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்கூட வந்தது. அவர் சொன்ன கணக்கு இது. மேசைக்கும் கேமராவுக்கும் ஜிகாபிட்டே தாராளம். கேட் 6 அதை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். குறைந்த தூரத்தில், 55 மீட்டர் வரை, 10 ஜிகாபிட்டையும் தாங்கும். 6ஏ தடிமன், எளிதில் வளையாது. இருக்கிற பைப்பில் பாதி கேபிள்தான் நுழையும், பைப்பையும் மாற்ற வேண்டிவரும். வைஃபை பெட்டிகள் வரும் ஆறு இடங்களுக்கு மட்டும் இடத்துக்கு ரெண்டு 6ஏ, கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர் (கண்ணாடி இழை கேபிள்) என்று முடிவானது. ஆக 40 மேசை மற்றும் பிரிண்டர், 32 கேமரா, 12 வைஃபை. மொத்தம் 84.

விலை பாயிண்டுக்கு 3,300. ஃபைபர், குழி, ஸ்விட்சுகளை மாட்டும் ரெண்டு ரேக், டெஸ்டிங் எல்லாம் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 4 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டியது. ஸ்விட்ச் தனி. முதல் ஆளைவிட மிக அதிகம்தான். ஆனால் கொட்டேஷனிலேயே கேபிளின் பிராண்டு, பார்ட் நம்பர், முழுச் செம்பு என்ற வரி, ஃப்ளூக் சர்டிஃபையரில் (கேபிளின் தரத்தை அளக்கும் கருவி) 84 பாயிண்டும் டெஸ்ட் செய்து ரிப்போர்ட் தருவோம் என்ற வரி எல்லாம் இருந்தன. பெட்டிகள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றிலும் ஒரு நுனியை நானே சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை.

வேலையைத் தீபாவளி லீவில் வைத்துக்கொண்டோம். திருப்பூரில் அதைவிட்டால் தையல் ஹால் காலியாகக் கிடைக்காது. ஒன்பது நாள் பேசியது, பன்னிரண்டு நாள் ஆனது. முதல் காரணம் மழை. ஃபைபருக்காக ரெண்டடி ஆழக் குழி தோண்டிய அன்றே கொட்டித் தீர்த்தது. மறுநாள் அது குழியாக இல்லை, வாய்க்காலாக இருந்தது. ரெண்டாவது காரணம் அவர்கள்தான். ரேக்கில் கேபிள் ஒழுங்குபடுத்தும் தட்டுகளைக் கொண்டுவர மறந்துவிட்டு, கோவைக்கு ஆள் அனுப்பி ஒரு நாளை வீணாக்கினார்கள். லீவு முடிந்து ஆட்கள் வந்தபோது பேக்கிங் பக்கம் இன்னும் ஏணி நின்றது. மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் வேலையின் நேர்த்தி வேறு ரகம். கேபிளை இழுத்துப் பறிக்காமல், ஒருவர் பெட்டியிலிருந்து ஊட்ட ஒருவர் மெதுவாக வாங்கினார். பிளாஸ்டிக் டேகை வைத்து இறுக்கிக் கட்டாமல் வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டினார்கள். கரண்ட் ஒயர் போகும் டிரேயில் இதைச் சேர்க்கவே இல்லை, தனி வழி. தையல் ஹாலின் ரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய ரேக்கின் ஃபேனில் பஞ்சு தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. பனியன் கம்பெனியில் காற்றே பாதி பஞ்சு. புது ரேக்கை ஹாலிலிருந்து நகர்த்தி பேக்கிங் ஓரம் கண்ணாடி அறைக்குள் வைத்து, முன்னால் ஃபில்டர் போட்டார்கள். கேட்காமலேயே செய்தது அது.

கடைசி ரெண்டு நாள் டெஸ்டிங். இதற்குத்தான் காசு கொடுத்தேன் என்று சொல்வேன். ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் எட்டு லைட் டெஸ்டர், கம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும்தான் சொல்லும். எங்கள் பழைய கேபிள்களில் கலரை ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று ஜோடி ஜோடியாக வரிசையாய் அடுக்கி முனையில் பிளக்கை கிரிம்ப் செய்திருந்தார்கள். ரெண்டு முனையிலும் ஒரே வரிசை, அதனால் எட்டு லைட்டும் அழகாக எரியும். ஆனால் பிளக்கில் 3ஆவது பின்னும் 6ஆவது பின்னும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். அந்த வரிசையில் அவை வேறு வேறு ஜோடிக்குப் போய்விடும். சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் கசியும். இதை ஃப்ளூக் மாதிரி கருவிதான் பிடிக்கும்.

புது 84இல் முதல் சுற்றில் 7 ஃபெயில். கருவியை ஒளித்துவைக்காமல் என்னிடமே காட்டினார் அந்தத் தலைவர். ஆறில், முனையில் ஜோடியின் முறுக்கை அதிகமாகப் பிரித்துவிட்டிருந்தான் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். அரை அங்குலத்துக்குமேல் பிரிக்கக் கூடாதாம். திட்டு வாங்கிக்கொண்டே ஆறின் முனையையும் திரும்ப பன்ச் செய்து பொருத்தினான். ஒன்று மட்டும் 93 மீட்டர். சுவரில் நிலையாகப் போகும் கேபிளுக்கு எல்லை 90. மீதி 10 ரெண்டு பக்கமும் செருகும் பேட்ச் கார்டு என்ற குட்டி கேபிளுக்கு. "மூணு மீட்டர்தானுங்களே, விட்டுரலாமே" என்றது நான்தான். அவர் விடவில்லை. சீலிங்கில் சுற்றுவழியை நேராக்கி 86க்குக் கொண்டுவந்தார்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. 4 ஜி.பி. ஃபோல்டர் 40 நொடிக்குள் இறங்குகிறது. டிசைனர் பெண்ணுக்கு டீ குடிக்கச் சாக்கு போய்விட்டது என்று வருத்தம். இரவு கேமராக்கள் ஒன்றுகூட அணைவதில்லை. கோடை இடிமழை நாலைந்து முறை வெளுத்துவாங்கியும் போர்ட் எதுவும் போகவில்லை; ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் தாவ முடியாது. நாளைக்கு வேகம் கூட வேண்டுமென்றால் ரெண்டு முனையிலும் மாட்டியிருக்கும் மாட்யூலை மாற்றினால் போதும், குழி தோண்ட வேண்டாம்.

எனக்கு அதிகம் பயன்படுவது லேபிள்தான். சுவர்ப் பிளேட்டில் பி-17 என்றால் ரேக்கில் கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலிலும் பி-17. முன்பெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் போய்விட்டால் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி, "யாருக்குங் போச்சு?" என்று ஹாலைப் பார்த்துக் கத்துவேன்.

குறைகள் இருக்கின்றன. பழைய கேபிளைக் கழற்றுவது எங்கள் கொட்டேஷனில் இல்லை என்று கடைசி நாளில் சொன்னார்கள். படித்துப் பார்த்தேன், இல்லைதான். ஆனால் முதல் நாளே வாயைத் திறந்திருக்கலாம். 12,000 கூடுதலாகக் கொடுத்துக் கழற்றினோம். கழற்றிய மூட்டைகளை அதே இரும்புக் கடைக்காரர்தான் எடுத்துக்கொண்டார், அலுமினிய விலைக்கு. சுவரில் டிரில் போட்ட இடங்களைப் பூசியது சரியில்லை; வரவேற்பறையில் வெள்ளைத் திட்டு இன்னும் தெரிகிறது. பில்லுக்கு ஃபோன் செய்வதில் இருக்கும் வேகம், வேலை முடிந்தபின் நாம் கூப்பிட்டால் எடுப்பதில் இல்லை. மூன்றாவது முறைதான் எடுப்பார்கள். எடுத்துவிட்டால் வந்துவிடுவார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த யூனிட் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இவர்களைத்தான் கூப்பிடப்போகிறேன். கழற்றுவது, பூசுவது ரெண்டையும் கொட்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு. அப்புறம் முதலாளி அறையில் போட்ட பிளேட் இடப்பக்கம் கால் அங்குலம் சரிந்திருக்கிறது. அவர் இன்னும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் என் கண் மட்டும் நேராக அங்கேதான் போகிறது.