காலி ரிலேயும் கருகிய ஒயரும்: ஃபாக் லைட் பொருத்தக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நாகர்கோவிலிலும் அதைச் சுற்றியும் பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளை இன்னும் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களின் கவனத்துக்காக இதை எழுதுகிறேன். 1978ஆம் ஆண்டின் மார்க் 3 அம்பாசடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) பொருத்தித் தருவதாகச் சொல்லி 11,400 ரூபாய் வாங்கிக்கொண்ட ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்காரர், ரசீதில் எழுதிய பொருள்களில் பாதியை வண்டியில் பொருத்தவே இல்லை. அது எனக்குத் தெரியவந்தது, கேரளத்தின் பொன்முடி மலைப்பாதையின் வளைவு ஒன்றில், மூடுபனிக்கு நடுவே, டேஷ்போர்டின் அடியிலிருந்து புகை கிளம்பியபோதுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஃபாக் லைட் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி என இரண்டு மழைக்காலங்களையும் முழுதாக வாங்கிக்கொள்ளும் ஊர் நம்முடையது. குலசேகரம், களியல் பக்கத்து ரப்பர்த் தோட்டச் சாலைகளில் மழை அடித்துப் பெய்யும் இரவில், பழைய வண்டியின் மங்கிய ஹெட்லைட்டை நம்பி ஓட்டியவர்களுக்கு என் ஆசை புரியும். பிரைட் போட்டால் நீர்த்துளிகளில் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வந்து எதிரில் வெள்ளைச் சுவர் எழுந்து நிற்கும். ஃபாக் லைட் அப்படியன்று; அது தாழ்வாக அமர்ந்து, ஒளியை அகலமாகவும் தட்டையாகவும் பரப்பி, மேல்விளிம்பைக் கத்தியால் நறுக்கியதுபோல வெட்டிவிடுவதால், சாலையின் ஓரக்கோடும் குழியும் தெரியும். தொலைவு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, ஏனெனில் அந்த வேளையில் நாம் ஊர்ந்துதான் போக வேண்டும்.

நான் அந்தக் கடையில் கேட்டது தெளிவாகவே இருந்தது. 55 வாட் பல்பு இரண்டு, ரிலே (சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) ஒன்று, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் ஒன்று, தரமான செம்பு ஒயர், தனி ஸ்விட்ச் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். "ஒண்ணும் பயப்படாதீங்க சாரே, இதுமாதிரி எத்தனை வண்டி பாத்திருக்கேன்" என்றார் கடைக்காரர். மாலையில் போனபோது பம்பருக்கு மேலே இரண்டு விளக்குகள் பளபளவென்று நின்றன. போனட்டைத் திறந்து, உட்பக்கத் தகட்டில் திருகப்பட்டிருந்த கறுப்பு ரிலேப் பெட்டியையும் காட்டினார். ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது. ரொக்கமாகத் தந்தால் 500 ரூபாய் குறைக்கலாம் என்றதால் ரொக்கமாகவே கொடுத்தேன். அந்த 500 ரூபாய் ஆசைதான் பின்னால் என் கையைக் கட்டிப்போட்டது.

ஒன்றரை மாதம் கழித்து மகனுடன் பொன்முடி போயிருந்தேன். மாலை ஐந்தரை மணிக்கு இறங்கத் தொடங்கியபோது மஞ்சு (மூடுபனி) இறங்கிப் பாதையை முழுவதுமாக மூடிவிட்டது. டிம் லைட்டும் ஃபாக் லைட்டும் வைப்பரும் ஒருசேர ஓட, இரண்டாவது கியரில் 15 நிமிடம்கூட வந்திருக்க மாட்டோம். முதலில் ரப்பர் கருகும் நாற்றம், பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே புகை, அடுத்த நொடி எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தன. வண்டியை ஓரம் கட்டி, 10-11 ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் புகை நின்றது. ஸ்பேனர் டிக்கியில் இருந்ததால் பிழைத்தோம். கருகிய ஒயரை மகன் அறுத்து விலக்கியபின் எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆனது. மலையிலிருந்து இறங்கிய ஒரு பேருந்தின் ஓட்டுநரிடம் நிலைமையைச் சொல்லி, அதன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே, மகன் பின்பக்கக் கண்ணாடி வழியாக அலைபேசி வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்க, அடிவாரத்துக்கு வந்துசேர்ந்தோம்.

மறுவாரம் தக்கலைப் பக்கத்தில், பழைய வண்டி ஒயரிங்கில் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன். அவர் முதலில் செய்த வேலை, அந்த ரிலேயைத் தகட்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்ததுதான். அதில் 30, 85, 86, 87 என்று எண் பொறித்த நான்கு முனைகளும் புத்தம்புதிதாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. ஒயர்கள் பெட்டிக்குப் பின்னால் வந்து, ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, டேப் சுற்றப்பட்டு அப்படியே போய்விட்டன. எனக்குக் காட்டுவதற்காக மட்டும் அங்கே ஒரு ரிலே திருகி வைக்கப்பட்டிருந்தது. இத்தனை பாடுபட்டு ஒரு பொம்மையை வைத்தவருக்கு, அதே நேரத்தில் நான்கு முனைகளையும் சேர்த்திருக்கலாமே என்று இன்றுவரை எனக்கு வியப்பு.

பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இல்லை. ஃபாக் லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் ஹெட்லைட் ஸ்விட்சிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இதன் ஆபத்து பலருக்குத் தெரியாது: மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த அம்பாசடர் வண்டிகளின் பழைய லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனம்) முறை ஒயரிங்கில் ஹெட்லைட் பாதைக்கு ஃபியூஸே கிடையாது. ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் இரண்டு ஃபியூஸ்களும் ஹார்ன், வைப்பர் போன்றவற்றைக் காப்பவை. ஆகவே அந்தப் பாதையில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால், முதலில் உருகுவது ஸ்விட்சும் அதற்கு வரும் பழுப்பு நிற ஒயரும்தான். எனக்கு நடந்ததும் அதுவே.

அளவு மீறியது எப்படி என்றால், பல்பைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் 100 வாட் என்று அச்சிட்டிருந்தது. 55 வாட் பல்பு இரண்டுக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் போதும். 100 வாட் இரண்டு என்றால் அது 17 ஆம்பியரை நெருங்கும். அதைச் சுமக்க அவர் இழுத்திருந்ததோ ஸ்பீக்கருக்குப் போடும் மெல்லிய ஒயர். பெரியவர் அதன் இழையை பிளேடால் சுரண்டிக் காட்டினார். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். எர்த் ஒயர் பெயின்ட் சுரண்டாத தகட்டின்மேல் வெறுமனே திருகப்பட்டிருந்தது. இத்தனை தடையையும் தாண்டிப் பல்புக்குப் போய்ச் சேர்ந்த மின்னழுத்தம் குறைவாகவே இருந்திருக்கும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் இவ்வகைப் பல்பின் வெளிச்சம் சுமார் 30 விழுக்காடு குறைந்துவிடுமாம். அதாவது நான் ஒயரைச் சூடாக்குவதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறேன்.

ஒழுங்காகவே பொருத்தியிருந்தாலும் 100 வாட் பல்பு இந்த வண்டிக்கு ஒவ்வாது என்பதை அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். என் வண்டியில் மின்சாரம் ஆக்கித் தருவது ஆல்டர்னேட்டர் அன்று. நல்ல வேகத்தில் ஓடினால் 22 ஆம்பியர் தரும் டைனமோ. டிம் லைட், பார்க் லைட், வைப்பர், இக்னிஷன் காயில் ஆகியவையே அதில் 15 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் 17 என்றால் மீதியைப் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அதிலும் மூடுபனியில் நாம் ஊர்ந்து போகிறோம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ ஏறக்குறைய எதுவுமே தராது. ஃபாக் லைட் அதிகம் தேவைப்படும் நேரமும் டைனமோ கைவிடும் நேரமும் ஒன்றே என்பதை, வேலை செய்கிறவர் அறிந்திருக்க வேண்டாமா?

கருகிய ஒயரையும் ரிலேயையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் முதலில். ரிலேயின் கீறல் படாத முனைகளைக் காட்டியதும், பையன் செய்த வேலை என்றார். பிறகு, வண்டியை வேறு ஆள் தொட்டுவிட்டதால் தான் பொறுப்பில்லை என்று முடித்துக்கொண்டார். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான புகாருக்குக் கட்டணம் இல்லை என்பதை அறிந்து விசாரித்தேன். ஆனால் என்னிடம் இருப்பது கடைப் பெயரோ வரி எண்ணோ இல்லாத துண்டுச் சீட்டு. பணமும் ரொக்கமாகப் போயிற்று. கடையின் பெயரை நான் இங்கே எழுதாமைக்கும் அதுவே காரணம்.

பெரியவர் செய்த ஒயரிங் இப்போது இப்படி இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ரிலேயின் 30க்கு, 87லிருந்து விளக்குகளுக்கு, 86க்கு வரும் சிறிய மின்சாரம் பார்க் லைட்டிலிருந்து தனி ஸ்விட்ச் வழியாக, 85 எர்த்துக்கு. பார்க் லைட்டிலிருந்து எடுத்ததால், அடர்ந்த மஞ்சில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுப் பார்க் லைட்டும் ஃபாக் லைட்டும் மட்டும் போட்டு ஓட்ட முடிகிறது. டைனமோவுக்கும் பாரம் குறைகிறது. பல்பு 55 வாட். விளக்குகளைப் பம்பருக்குக் கீழே இறக்கி, சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 4 அங்குலம் தாழ்ந்து விழும்படி திருப்பினார். மழை விட்டதும் அணைத்துவிட வேண்டும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். ஆரல்வாய்மொழிச் சாலையில் நிலவு காயும் இரவிலும் நான்கு விளக்கு எரியவிட்டு எதிரே வருகிறவர்களின் கண்ணைக் குருடாக்குகிறவர்கள்மேல் அவருக்குத் தீராக் கோபம்.

அண்மையில் யாராவது இதுபோல் வேலை செய்து வாங்கியிருந்தால், இன்றே ஃபாக் லைட்டைப் போட்டுவிட்டு ரிலேயை அதன் சாக்கெட்டிலிருந்து உருவிப் பாருங்கள். சாக்கெட் இல்லையென்றால் 87இல் இருக்கும் ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், உங்கள் வண்டியிலும் இருப்பது பொம்மைதான். விளக்கை அணைத்துவிட்டுப் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள்.