எஸ்டீமுக்கு ஒயரிங்கைச் சுருக்கிக் கட்டித் தந்த மூலக்கடை எலக்ட்ரீஷியன்

சீட், கார்பெட், ஏசி, பவர் விண்டோ, டேஷ்போர்டு எல்லாம் கழற்றி வெறும் கூடாக நிற்கும் ஒரு பழைய மாருதி எஸ்டீமை டிராக்குக்குத் தயார் செய்கிறோம். ஜி13பிபி இன்ஜின், 1.3 லிட்டர், 16 வால்வு, இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வகை. ரோட்டில் ஓட்டுகிற வண்டி இல்லை, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிரெய்லரில்தான் போகும். சாமான் எல்லாம் போன பிறகும் அவற்றின் ஒயர் மட்டும் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. இன்ஜினுக்கு வேண்டியதை மட்டும் வைத்து ஒயரிங் செட் கட்டித் தர ஆள் தேடினோம். மூலக்கடையிலிருந்து மாதவரம் போகிற பக்கம் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் ஓர் அண்ணனைக் காட்டினார்கள். கடைக்குப் போர்டு கிடையாது, லாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

எனக்கு முதலில் பிடித்தது, அவர் எடுத்த எடுப்பில் கட்டரைத் தொடவே இல்லை. பழைய செட்டை முழுசாக வெளியே எடுத்து, பெஞ்சில் விரித்து, டேப்பைப் பிரித்து, இசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர், அதன் கப்ளரின் ஒவ்வொரு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்து அது எங்கே போகிறது என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். வேறொரு கேரேஜில் "பெட்ரோல் பம்பை நேரா சாவிக்குக் குடுத்துடலாம், ஒயர் மிச்சம்" என்று சொல்லியிருந்தார்கள். இவரிடம் அதைச் சொன்னதும் கோபமே வந்துவிட்டது. பம்புக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேவை இசியூ இயக்கினால் சாவி போட்டதும் பம்பு ஓரிரு வினாடி ஓடி நின்றுவிடும், அப்புறம் இன்ஜின் சுற்றினால்தான் ஓடும். நேராகக் கொடுத்துவிட்டால் வண்டி மோதி இன்ஜின் நின்ற பிறகும், லைன் அறுந்திருந்தாலும், பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

மீட்டர் கன்சோலைத் தூக்கிவிட்டோம் இல்லையா, அதிலிருந்த பேட்டரி விளக்கை மட்டும் தனியாக ஒரு பட்டையில் மாட்டினார். "இந்த பல்பைத் தூக்கிட்டா டைனமோ சார்ஜ் ஏத்தாது தம்பி." அவர் டைனமோ என்பது ஆல்டர்னேட்டரை. பல வண்டிகளில் அது விழித்துக்கொள்ள வேண்டிய முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. செக் இன்ஜின் விளக்கையும் ஸ்கேனர் மாட்டுகிற கப்ளரையும் அவர் எடுக்க விடவில்லை.

சென்சார் எர்த்தில்தான் அவருடைய கவனம் தெரிகிறது. த்ராட்டில் சென்சார், இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கிற மேப் சென்சார் இரண்டின் எர்த்தையும் பாடியில் கடிக்க வைக்காமல் இசியூவுக்கே திருப்பிக் கொண்டுபோனார், ஏனென்றால் 5 வோல்ட்டில் வேலை செய்கிற சென்சாருக்கு ஃபேன் ஓடும்போது பாடி எர்த்தில் வருகிற சின்ன ஏற்றத்தாழ்வுகூடத் தப்பான ரீடிங் ஆகிவிடும். ஆபத்தில் வண்டியை நிறுத்துகிற கில் ஸ்விட்சும் பேட்டரியை மட்டும் துண்டிப்பது அல்ல, இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கிற வகை. பேட்டரியை மட்டும் பிரித்தால் டைனமோ கரண்டிலேயே இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜாயின்ட் எதிலும் ஈயம் இல்லை, எல்லாமே நசுக்கிப் பிடிக்க வைக்கிற கிரிம்ப். ஈயம் ஊறின இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும் என்கிறார். ஒயர் முனையில் ஒவ்வொரு லக்கையும் அடித்ததும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்க்கிறார். லேசாக அசைந்த ஒன்றை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தார். மேலே பசை வைத்த ஹீட் ஸ்லீவ். நம் பக்கம் கடல் காற்றில் செம்பு சீக்கிரமே பச்சை பூத்துவிடும், அதற்கு இது அவசியம். சுற்றியது துணி டேப், வெயிலில் பசை கசிகிற பிவிசி டேப் இல்லை.

குறைகளும் உண்டு. துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று வந்து நின்றால் உங்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு அங்கே போய்விடுவார், சொன்ன நாளுக்கு வண்டி கிடைக்காது. ஃபியூஸுக்கு அப்புறம் வருகிற லைன் எல்லாவற்றுக்கும் கையிலிருந்த சிவப்பு ஒயரையே போட்டிருக்கிறார், கம்பெனி கலர் இல்லை. நாளைக்கு வேறொருவர் கை வைத்தால் திண்டாட்டம்தான். ஒட்டியிருக்கிற பேப்பர் லேபிள் இன்ஜின் சூட்டுக்கு நிற்காது. கூலி 12,000 ரூபாய், சாமான் தனி. பார்த்திருக்கிற வேலைக்கு இது நியாயம் என்றே சொல்வேன்.

போகிறவர்கள் பழைய செட்டை எங்கேயும் வெட்டாமல் எல்லாக் கப்ளரோடும் எடுத்துப் போங்கள், உடைந்த கப்ளருக்குப் பழைய பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டிவரும். வண்டியை எடுக்கும்போது அவருடைய நோட்டில் உங்கள் வண்டிக்கு எழுதிய பக்கத்தைக் கேட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் தருகிறார்.